உங்களுக்குத் தெரியுமா? நாய், பூனை, ஆடு, கோழி: ஊசி முதல் உண்ணி வரை

திமிரிப் பக்கம் வாசலில் ஒரு நாய், கொல்லையில் நாலு கோழி, பக்கத்தில் ஒரு ஆடு என்று வளர்க்காத வீடு குறைவு. வாயில்லா ஜீவன் தன் நோவைச் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கும் வழியும், வராமல் தடுக்கும் வழியும் வளர்ப்பவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவற்றில் சில இங்கே.

நம்ம பக்கத்திலேயே

★ திமிரியிலிருந்து ஆற்காடு போய், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் ராணிப்பேட்டை. அங்கே உள்ள கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் 1932-ல் தொடங்கப்பட்டது. ஆடு மாடுகளைத் தாக்கும் அடைப்பான், தொண்டை அடைப்பான், சப்பை நோய், ஆட்டுக்கொல்லி, கோழிகளைக் கொத்துக்கொத்தாகச் சாய்க்கும் வெள்ளைக் கழிச்சல் ஆகியவற்றுக்கான தடுப்பூசிகள் இங்கே தயாராகின்றன. கன்னியாகுமரியில் ஒரு கோழிக்குப் போடும் மருந்துகூட நம் மாவட்டத்திலிருந்து போனதாக இருக்கலாம்.

★ மாட்டுக் கொட்டகைகளைக் காலி செய்த வெக்கை நோயை இன்றைய பிள்ளைகள் பார்த்ததே இல்லை. இந்தியாவில் அது கடைசியாகத் தென்பட்டது 1995-ல். 2011-ல் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்கு அடுத்து மனிதன் பூமியை விட்டே விரட்டிய இரண்டாவது நோய் இதுதான். ஊர் ஊராகப் போய்ப் போட்ட தடுப்பூசியும், விடாத கண்காணிப்பும் சாதித்த வேலை இது.

★ நாம் பொதுவாக ‘மாட்டு ஆஸ்பத்திரி’ என்று சொல்வதில் பல படிகள் உண்டு. கிராமத்தில் கிளை நிலையம், அதற்கு மேல் கால்நடை மருந்தகம், அடுத்து மருத்துவமனை, அதற்கும் மேல் பெரிய நகரங்களில் பன்முக மருத்துவமனை. நாய், பூனைக்கும் இங்கே வைத்தியம் உண்டு. பெயரில் ‘கால்நடை’ என்று இருப்பதால் ஆடு மாட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்துத் தயங்க வேண்டாம்.

★ உலகின் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி 1761-ல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கியது. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-ல் வந்தது. 1989-ல் சென்னையில் உருவான தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம், இந்தியாவில் இந்தத் துறைக்கென்றே அமைந்த முதல் பல்கலைக்கழகம்.

★ மனிதர்களுக்கு 108 என்றால் கால்நடைகளுக்கு 1962. கட்டணமில்லா எண். மாடு எழுந்திருக்கவில்லை, ஆடு ஈன முடியாமல் தவிக்கிறது என்றால் இந்த எண்ணைக் கூப்பிடலாம். இப்போதே கைப்பேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியும் நாளும்

★ நாய்க்குட்டிக்கு முதல் தடுப்பூசி 6 முதல் 8 வார வயதில். அதன் பிறகு 3, 4 வாரத்துக்கு ஒரு முறை, 16 வாரம் ஆகும்வரை. வெறிநோய்த் தடுப்பூசி 3 மாத வயதில். பிறகு ஆண்டுதோறும். ‘ஏன் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்?’ என்று பலர் கேட்கிறார்கள். சீம்பால் வழியாகத் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை, அதுவே தடுப்பூசியையும் வேலை செய்யவிடாது. அந்தச் சக்தி எந்த வாரத்தில் கரையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் அடுத்தடுத்த தவணைகள்.

★ ஊசி போடும்போது மேசையைக் கவனித்துப் பாருங்கள். ஒரு சின்னக் குப்பியின் அடியில் வெள்ளை வில்லைபோல உலர்ந்த மருந்து இருக்கும். இன்னொரு குப்பியின் திரவத்தை ஊசியில் இழுத்து அதில் விட்டு, மெதுவாக உருட்டிக் கரைப்பார் மருத்துவர். கரைத்ததும் தாமதிக்காமல் போட்டுவிட வேண்டும். குப்பியின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டை உரித்து உங்கள் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்து இடுவார். மருந்தின் தொகுப்பு எண்ணும் காலாவதித் தேதியும் அதில் இருக்கும். புத்தகத்தைப் பத்திரமாக வையுங்கள்.

★ தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். மருந்துக் கடையில் வாங்கிச் சட்டைப்பையில் போட்டு, வேலூர் வெயிலில் வண்டியில் கொண்டுவந்தால் அதன் வீரியம் போய்விடலாம். வெளியில் வாங்க நேர்ந்தால் ஐஸ் வைத்த டப்பாவில் கொண்டு வாருங்கள்.

★ ஊசி போட்டவுடன் வீட்டுக்கு ஓடாதீர்கள். அரை மணி நேரம் மருந்தகத்து மர நிழலில் உட்காருங்கள். அபூர்வமாகச் சில நாய்களுக்கு முகம் வீங்கும், வாந்தி வரும், சோர்ந்து விழும். மருத்துவர் பக்கத்தில் இருந்தால் ஒரே ஊசியில் சரியாகிவிடும்.

★ ‘ரத்தமாகக் கழிகிறது, நாற்றம் தாங்கவில்லை’ என்று தூக்கிவரும் குட்டிகளில் பலவற்றுக்கு இருப்பது பார்வோ. இந்த வைரஸ் உலகின் கண்ணில் பட்டதே 1978-ல்தான். மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலை நம்ப முடியாது. ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து கழுவினால்தான் சாகும். பார்வோவில் ஒரு குட்டியை இழந்த வீட்டில், உடனே ஊசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவந்து விடாதீர்கள்.

வெறிநோய்: அறிகுறி வந்த பின் மருந்தில்லை

★ நாய் கடித்தால் முதல் மருந்து சோப்பு. குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அதைக் கரைத்துவிடும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. கழுவி முடித்ததும் நேரே அரசு மருத்துவமனைக்கு.

★ ‘தொப்புளைச் சுற்றி 14 ஊசி’ என்ற பயத்தில் இன்றும் சிலர் போவதில்லை. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. இந்தியாவில் அதன் தயாரிப்பு 2004-ன் இறுதியில் நின்றுவிட்டது. இப்போது மேல் கையில்தான் போடுகிறார்கள், தவணையும் குறைவு. காயத்தில் ரத்தம் வந்திருந்தால், காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புப் புரத மருந்தும் சேர்த்துத் தேவைப்படும். ஒரு தவணையையும் விடக் கூடாது.

★ ‘தண்ணீர் குடிக்கிறது, அதனால் வெறி இல்லை’ என்பது தவறான கணக்கு. தண்ணீரைக் கண்டு நடுங்குவது நோய் வந்த மனிதர்களுக்கு. வெறிபிடித்த நாய் தண்ணீர்ப் பாத்திரத்தில் வாய் வைக்கும். தொண்டை செயலிழப்பதால் விழுங்கத்தான் திணறும். குரல் மாறுவது, கீழ்த்தாடை தொங்குவது, இருட்டில் போய் ஒடுங்குவது, கண்டதைக் கடிப்பது ஆகியவைதான் கவனிக்க வேண்டியவை.

★ மாடு தீனி எடுக்காமல், வாயில் எச்சில் ஒழுக, அடித்தொண்டையில் கத்துகிறதா? ‘தொண்டையில் ஏதோ மாட்டியிருக்கிறது’ என்று வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநாய் கடித்த மாட்டுக்கும் இதே அறிகுறிதான். எச்சிலில் வைரஸ் இருக்கும். கையில் ஒரு சிராய்ப்பு இருந்தாலும் ஆபத்து.

★ குட்டிநாய், பூனை, பிராண்டல் எதையும் இளப்பமாக எண்ண வேண்டாம். 2 மாதக் குட்டிக்கும் வெறிநோய் வரும். பூனை கடித்தாலும் ஊசி போட்டாக வேண்டும். நோய் வெளியே தெரியச் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். தெரிந்த பிறகு உயிர் பிழைத்தவர்களை உலக அளவில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

★ ஜோசப் மெய்ஸ்டர் என்ற 9 வயதுச் சிறுவனுக்கு லூயி பாஸ்டர் முதன்முதலில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டது 1885 ஜூலை 6-ல். அந்த நாளே விலங்குவழி நோய்கள் தினம். பாஸ்டர் மறைந்த செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம். இந்த இரண்டு நாள்களை ஒட்டி இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடப்பதுண்டு. உங்கள் மருந்தகத்தில் கேட்டுவையுங்கள். பாஸ்டர் பெயரிலேயே நம் குன்னூரில் 1907 முதல் ஒரு தடுப்பூசி நிலையம் இருக்கிறது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை

★ நாயின் மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளிர் சிவப்பாக, ஈரமாக இருந்தால் நல்லது. விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 2 நொடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். ஈறு வெள்ளைக் காகிதமாக வெளுத்திருந்தால் ரத்தம் குறைந்திருக்கிறது, மஞ்சளாக இருந்தால் மஞ்சள் காமாலை, நீலம் பாய்ந்திருந்தால் மூச்சுக் கோளாறு. மருத்துவர் மேசையில் முதலில் செய்வதும் இதைத்தான். உங்கள் நாய் நன்றாக இருக்கும் நாளில் ஒரு முறை பார்த்துவைத்தால்தான் மாற்றம் தெரியும். சில நாய்களுக்கு இயல்பிலேயே ஈறு கறுப்பு. அவற்றுக்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள்.

★ தொட்டுப் பார்த்து ‘உடம்பு சுடுகிறது’ என்று முடிவு செய்ய முடியாது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சகஜமான சூடு. ஆட்டுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல். கோழிக்கு 106. மூக்கு காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பதும் சரியல்ல. தூங்கி எழுந்த நாய்க்கு மூக்கு காய்ந்துதான் இருக்கும்.

★ நாய்க்கு வியர்வை முக்கியமாகப் பாதத்தில் மட்டும்தான். மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைக் குறைக்க முடியும். அக்கினி நட்சத்திர வெயிலில் மொட்டைமாடியிலோ தகரக் கொட்டகையிலோ கட்டிப்போட்டால் சூடு 106-ஐத் தாண்டி உயிருக்கே உலையாகிவிடும். மயங்கினால் நிழலுக்குத் தூக்கிச் சென்று, சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, விசிறி போட்டு, பிறகு மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள். மூக்கு சப்பையான பக் வகை நாய்களுக்குக் காலை 10 மணி வெயிலே அதிகம்.

★ ஆண் பூனை மண்ணைத் தோண்டி உட்கார்ந்து, முக்கி முக்கி, சொட்டு மூத்திரம்கூடப் போகாமல் கத்துகிறதா? மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள். மூத்திரக் குழாய் அடைத்திருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும். அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டிய அவசரம் இது.

★ பூனையைக் கையில் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள். மூடி உள்ள வயர் கூடையில் பழைய துண்டை விரித்து, கூடையை 2 நாள் முன்பே வீட்டில் வைத்துப் பழக்குங்கள். மருந்தகத்தில் நாய்களைப் பார்த்து மிரளாமல் இருக்கக் கூடையின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள்.

உண்ணி, சொறி, குடற்புழு

★ உண்ணிக் காய்ச்சலுக்குக் காரணமான ‘பபீசியா கிப்சோனி’ என்ற ரத்த ஒட்டுண்ணியை மருத்துவ உலகம் முதலில் கண்டது நம் சென்னையில்தான். அன்றைய மதராஸில் வேட்டைக்கு வைத்திருந்த நாய்களின் ரத்தத்தில் இதைக் கண்டு 1910-ல் எழுதியவர் பேட்டன் என்ற விஞ்ஞானி. நரியின் ரத்தத்திலும் பிறகு கண்டார். நூறு ஆண்டு கடந்தும் நம் மருந்தகங்களில் நாய்களை வாட்டும் நோய்களில் இதுவும் ஒன்று. காய்ச்சல், சாப்பாட்டில் மறுப்பு, வெளுத்த ஈறு, காப்பி நிறத்தில் மூத்திரம் என்றால் ரத்தப் பரிசோதனை தேவை.

★ ரத்தம் மிகவும் குறைந்துபோன நாய்க்கு இன்னொரு நாயின் ரத்தம் ஏற்றலாம். நாய்களுக்கும் ரத்த வகைகள் உண்டு. ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு ரத்தம் ஏற்றிக் காட்டினார் ரிச்சர்டு லோவர் என்ற ஆங்கிலேய மருத்துவர், 1660-களில். சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் விலங்குகளுக்கென்றே ரத்த வங்கி இயங்குகிறது.

★ உண்ணியை விரலால் நசுக்கவோ தீக்குச்சியால் சுடவோ வேண்டாம். தோலை ஒட்டி இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து, சோப்புத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போடுங்கள். வயிறு புடைத்த ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும். அதையும் நாயின் மேல் இடாது. சுவர் விரிசலிலும், கதவுச் சட்டத்திலும், கோணிப்பைக்கு அடியிலும் போய் இடும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுச் சுவரை விட்டுவிட்டால் 2 மாதத்தில் பழைய கதைதான்.

★ சொறி பிடித்த தெருநாய்க்கு வண்டியிலிருந்து எடுத்த கழிவு ஆயிலைப் பூசும் பழக்கத்தை இன்றோடு விடுங்கள். நாய் அதை நக்கும். ஈரலும் சிறுநீரகமும் கெடும். தோலில் ஊறி உடல் சூட்டையும் ஏற்றும். சொறி என்பது கண்ணுக்குத் தெரியாத சிலந்தி இனப் பூச்சியால் வருவது. சில வார வைத்தியத்தில் முடி முழுதும் முளைத்துவிடும்.

★ அந்தச் சொறிக்குப் போடும் ஐவர்மெக்டின், ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் எடுத்த மண்ணிலிருந்த நுண்ணுயிரில் பிறந்தது. 2015-ல் அதற்காக நோபல் பரிசும் கிடைத்தது. ஆனால் கோலி போன்ற சில நாய் இனங்களுக்கு அதிக அளவில் போட்டால் மூளைக்குள் புகுந்து உயிரையே எடுக்கும். ‘பக்கத்து வீட்டு நாய்க்குக் கேட்டது’ என்று நீங்களாக ஊசி வாங்கிப் போடக் கூடாது.

★ குட்டி பிறக்கும்போதே வயிற்றில் புழு இருக்கலாம். தாயின் கருப்பையிலும் பாலிலும் அது வந்துவிடும். 2 வார வயதிலேயே பூச்சி மருந்து தொடங்கி, 3 மாதம்வரை 2 வாரத்துக்கு ஒரு முறை கொடுக்க வேண்டும். எடை பார்த்துத்தான் அளவு. அந்தப் புழுவின் முட்டை மண்ணில் விளையாடும் குழந்தைகளின் கை வழியாக வயிற்றுக்குப் போகும், கண்வரை பாதிக்கும். நாய்க்குக் கொடுக்கும் பூச்சி மருந்து பிள்ளைக்கும் காவல்.

★ கறிக்கடையில் நீர்க்கட்டி இருக்கும் ஈரலையும் நுரையீரலையும் நாய்களுக்கு எறிவது வழக்கம். அந்தக் கட்டிக்குள் நாடாப்புழுவின் குஞ்சுகள் இருக்கும். நாயின் குடலில் அவை வளர்ந்து முட்டையிடும். முட்டை மனித வயிற்றுக்குப் போனால் நம் ஈரலில் அதே நீர்க்கட்டி வளரும், ஆபரேஷன்வரை போகும். கட்டி உள்ள உறுப்பைப் புதைக்க வேண்டும் அல்லது எரிக்க வேண்டும்.

தட்டில் வைப்பதற்கு முன்

★ ஆம்பூர் பிரியாணி நமக்குப் பெருமை, நாய்க்கு ஆகாது. வெந்த எலும்பு கூர்கூராக உடையும், குடலைக் கிழிக்கும். பிரியாணியிலும் தயிர்ப் பச்சடியிலும் உள்ள வெங்காயம் நாய், பூனையின் சிவப்பணுக்களை உடைத்து ரத்தசோகையைக் கொண்டுவரும். கொழுப்பு மிகுந்த மிச்சம் மீதி கணையத்தைப் புண்ணாக்கும். கல்யாண மண்டபத்துக்கு மறுநாள் வாந்தியோடு வரும் நாய்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

★ சாக்லேட், திராட்சை, உலர் திராட்சை மூன்றும் நாய்க்கு விஷம். ஆற்காடு மக்கன் பேடாவுக்குள் உலர் பழங்கள் வைத்திருப்பார்கள். ஆசையாகக் கை நீட்டுவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

★ பூனைக்குக் காய்ச்சல் என்று அரை பாரசிட்டமால் மாத்திரை கொடுத்தால் அதுவே எமன். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் நொதி பூனையின் ஈரலில் போதிய அளவு இல்லை. ரத்தம் பிராண வாயுவைச் சுமக்க முடியாமல் ஈறு பழுப்பேறும், முகம் வீங்கும். நாய்க்கும் புரூஃபென், டைக்ளோஃபினாக் கொடுக்கக் கூடாது. வயிற்றில் ரத்தம் கசியும்.

★ தயிர்சாதத்தில் மட்டும் வளரும் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும். டாரின் என்ற சத்து இறைச்சி, மீனில் மட்டுமே போதுமான அளவு கிடைக்கிறது. அது குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமாகும் என்று 1987-ல் நிரூபித்தார்கள். சைவ வீடாக இருந்தாலும் பூனை அசைவம்தான்.

★ பூஞ்சை பிடித்த வேர்க்கடலையை ‘கோழிக்காவது ஆகும்’ என்று ஒதுக்கி வைக்காதீர்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் செத்து விழுந்தபோதுதான் பூஞ்சைக் கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்சின் விஷம் உலகுக்குத் தெரிந்தது. ஈரலைத் தின்னும் விஷம் அது. சமைத்தாலும் போகாது. கடலை விளையும் நம் பக்கத்தில் இதை எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

★ தோல் ஷாப்பு, ஷூ கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: வெட்டித் தள்ளிய தோல் துண்டுகளை நாய்க்கு விளையாடக் கொடுக்காதீர்கள். குரோமியம் உப்பில் பதப்படுத்தியது அது. விழுங்கினால் குடலையும் அடைக்கும். உப்புக் கட்டிய பச்சைத் தோலைக் கடித்துத் தின்றால் உப்பே விஷமாகும். முடி நீக்கப் பயன்படும் சுண்ணாம்பும் சல்ஃபைடும் கலந்த தண்ணீரில் நாய் கால் வைத்தால் பாதம் வெந்துவிடும். உடனே நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

ஆடு, கோழி, தோல்

★ ஆண்டுதோறும் பிப்ரவரியில் கோழிகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி இருவார முகாம் நடக்கும். இலவசம். கழுத்து முறுக்கி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, ஒரே வாரத்தில் கூண்டையே காலி செய்யும் நோய் அது. வந்த பிறகு மருந்து இல்லை. கூண்டைத் திறப்பதற்கு முன், விடியற்காலையில் பிடித்து வைத்திருந்தால் ஊசி போட வருபவர்களுக்கும் வசதி.

★ நேற்று மேய்ந்த ஆடோ மாடோ இன்று திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசிந்தால் அடைப்பானாக இருக்கலாம். தோலை உரிக்காதீர்கள், வயிற்றைக் கீறாதீர்கள், கறி போடாதீர்கள். காற்றுப் பட்டால் கிருமி வித்தாக மாறி மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு இருக்கும். தோலைத் தொட்டவருக்கும் தொற்றும். மருத்துவருக்குச் சொல்லி, ஆழக் குழிதோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வேண்டும்.

★ ஆட்டம்மை, உண்ணிக்கடி, சொறி இவை உயிரோடு இருக்கும்போது விட்ட தழும்பு, பதனிட்ட பிறகும் தோலில் தெரியும். அந்தத் தோலின் தரமும் விலையும் இறங்கும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலின் முதல் படி ஆட்டுக் கொட்டகையில் தொடங்குகிறது.

இன்னும் சில

★ நாய்க்கு நாய் தொற்றும் ஒரு புற்றுநோய் உண்டு. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரே ஒரு நாயின் உடலில் தோன்றிய புற்றணுக்களே இன்றும் இணைசேர்க்கை வழியாகப் பரவிக்கொண்டிருக்கின்றன. பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டும் கட்டியாகத் தெரியும். வாரம் ஒரு வின்கிரிஸ்டின் ஊசி, சில வாரங்கள். பெரும்பாலும் முழுக் குணம். அந்த மருந்து கிடைப்பது நம் வேலியோரம் பூக்கும் நித்தியகல்யாணிச் செடியிலிருந்து.

★ பாம்பு கடித்த நாய்க்கும் அதே விஷமுறிவு மருந்துதான். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்குக்கும் சேர்த்துக் குதிரையின் ரத்தத்திலிருந்து தயாராவது. அதற்கு விஷம் எடுத்துத் தருகிறவர்களில் முக்கியமானவர்கள், மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கத்தினர். கடிவாயைக் கீறாமல், கட்டுப் போடாமல், நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

★ பெண் நாய் பொதுவாக ஆண்டுக்கு 2 முறை பருவத்துக்கு வரும். சினைக்காலம் சுமார் 63 நாள். கருத்தடை செய்தால் குட்டிகளைக் குப்பைமேட்டில் விடும் பாவம் இல்லை. கருப்பையில் சீழ் கட்டும் நோயும் வராது. முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மடிக்கட்டி வரும் வாய்ப்பும் மிகக் குறையும்.

★ தெருநாயைக் கொல்லாமல், கருத்தடை செய்து ஊசி போட்டு அதே தெருவில் விடும் திட்டத்தை 1964-லேயே சென்னையில் முன்வைத்தது புளூ கிராஸ் அமைப்பு. சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-ல். 2001-ல் அதற்கு மத்திய அரசு விதிகள் வந்தன, 2023-ல் புதுப்பிக்கப்பட்டன. காது நுனியில் சின்ன வெட்டு உள்ள தெருநாய் கருத்தடை ஆனது என்று அறியலாம்.

★ கூண்டில் பச்சைக்கிளி வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ‘லவ் பேர்ட்ஸ்’ என்று கடைகளில் விற்கும் ஆஸ்திரேலியக் குருவிகளை வளர்க்கத் தடையில்லை.

★ மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக், இறந்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தார்கள். தமிழகத்தில் முதுமலை, மாயாறு பக்கம் மிஞ்சியிருக்கும் கழுகுகளுக்கு அந்தத் தடைதான் உயிர்ப்பிச்சை. ஆகவே மருத்துவர் எழுதாத வலி மருந்தை எந்தக் கால்நடைக்கும் போடாதீர்கள்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேலே சொன்ன நோய்களில் பாதிக்கு மேல் வராமல் தடுக்கக்கூடியவை. மீதியில் பெரும்பாலானவை முதல் நாளே போனால் குணமாகக்கூடியவை. 4 நாள் நாட்டு மருந்து பார்த்துவிட்டு, ஐந்தாம் நாள் கோணியில் சுருட்டிக் கொண்டுவந்தால் எந்த மருத்துவராலும் முடியாது. இன்று மாலை உங்கள் நாயின் தடுப்பூசிப் புத்தகத்தை எடுத்து, அடுத்த ஊசிக்குப் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். தேதி கடந்திருந்தால் நாளைக் காலை முதல் வேலையாக மருந்தகத்துக்குக் கூட்டிப்போங்கள். புத்தகமே இல்லையென்றால் நாளைக்கே ஒன்று போட்டு வாங்குங்கள்.